புழுவும் அது தின்ற இலையும்

(கண்டியில் ஆற்றப்பட்ட பொதுச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

கண்டியில் பூச்சிகளைப் பற்றிப் பேச எழுந்து நிற்பவருக்கு ஒரு சங்கடம் உண்டு. கேட்க வந்தவர்களில் பாதிப்பேரின் மனத்தில் இருக்கும் பூச்சி ஒன்றே ஒன்றுதான்: நுளம்பு. 2017ஆம் ஆண்டில் மட்டும் இலங்கை முழுவதும் 186,101 பேர் டெங்குக் காய்ச்சலுக்கு ஆளானதாகப் பதிவாயிற்று. அந்த ஆண்டை மறக்காத வீடுகள் இந்த மாவட்டத்தில் நிறைய. ஆகவே நுளம்பிலிருந்தே தொடங்கிவிடுவது நல்லது.

கையில் வந்து உட்கார்ந்த நுளம்பை அடித்துவிட்டுப் பார்ப்பதுதான் ஊர் வழக்கம். அடிப்பதற்கு முன் ஒரு படம் எடுத்தால் என்ன தெரியும்? டெங்கைப் பரப்பும் ஈடிஸ் நுளம்புகளில் இங்கே இரண்டு இனங்கள் முக்கியமானவை. ஈடிஸ் எஜிப்தியின் முதுகில் வெள்ளிக் கோடுகள் இருபுறமும் வளைந்து யாழின் உருவத்தைக் காட்டும். ஈடிஸ் அல்போபிக்டஸின் முதுகில் நடுவே ஒரே ஒரு வெள்ளைக் கோடு, வகிடு எடுத்ததுபோல. வெறுங்கண்ணுக்கு இரண்டுமே கறுப்பும் வெள்ளையுமாகப் பறக்கும் ஒரு துளி. நெருக்கமாக எடுத்த படத்தில் ஒன்பதாம் தரத்துப் பிள்ளைகூட வேறுபாட்டைச் சொல்லிவிடும். முதலாவது வீட்டையும் மனிதரையும் ஒட்டி வாழ்வது. இரண்டாவது மரப்பொந்து, வெட்டிய மூங்கிலின் அடி, சிரட்டை என்று தோட்டத்துத் தண்ணீரையும் விரும்புவது. எங்கே தேட வேண்டும் என்பதற்கு அந்தப் படம் ஒரு துப்பு.

பூச்சிகளை நெருங்கிப் படம் எடுப்பது ஓய்வுபெற்றவர்களின் பொழுதுபோக்கு, காசுள்ளவர்களின் விளையாட்டு என்ற எண்ணம் பரவலாக உண்டு. விளையாட்டுத்தான். ஆனால் கண்டியைப் பொறுத்தவரை அந்த விளையாட்டுக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. கமரா அதில் கடைசியாக வந்து சேர்ந்த கருவி மட்டுமே.

அந்த வரலாறு நகரத்திலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் தொலைவில், மகாவலி கங்கை வளைத்து ஓடும் நிலத்தில் இருக்கிறது. பேராதனைத் தாவரவியற் பூங்கா 1821இல் அலெக்சாண்டர் மூன் என்பவரின் பொறுப்பில் உருவானது. அங்கே படம் வரைபவராகப் பல பத்தாண்டுகள் இருந்தவர் ஹார்மனிஸ் டி அல்விஸ். செடி, பூ, விதை என்று வரைந்து தள்ளியவர். அவருக்குப்பின் அவருடைய பிள்ளைகள் வில்லியம், ஜோர்ஜ் இருவரும் தூரிகையை எடுத்தார்கள். 1849 முதல் 1880 வரை பூங்காவின் தலைவராக இருந்த துவைட்ஸ், செடிகளோடு நிற்காமல் வண்ணத்துப்பூச்சிகளையும் அந்துப்பூச்சிகளையும் அவர்களைக்கொண்டு வரைவித்தார். அந்தச் சித்திரங்கள் லண்டனில் இருந்த ஃபிரெடரிக் மூரின் கைக்குப் போயின. 1880க்கும் 1887க்கும் இடையில் மூன்று தொகுதிகளாக இலங்கையின் வண்ணத்துப்பூச்சிகளையும் அந்துப்பூச்சிகளையும் பற்றிய நூல் வெளிவந்தது. நூல் முடிவதற்கு முன்பே, 1882இல், துவைட்ஸ் கண்டியில் காலமாகிவிட்டார்.

இரவில் மின்விளக்கைத் தேடி வந்து கதவில் ஒட்டிக்கொள்ளும் அகலச் சிறகு கொண்ட அட்லஸ் அந்துப்பூச்சியைப் பார்த்தவர்கள் இந்த அவையில் இருப்பார்கள். வாய் இல்லாத பிராணி. சிறகு முளைத்தபின் உண்பதே இல்லை. புழுப் பருவத்தில் சேர்த்த கொழுப்பில் சில நாட்கள் வாழ்ந்து, முட்டையிட்டு, மடிந்துபோகும். இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் உள்ள அந்த இனத்துக்கு, இத்தீவின் பழைய கிரேக்கப் பெயரான தப்ரபேனை ஒட்டி, 1882இல் 'தப்ரபானிஸ்' என்று பெயர் வைத்தவர் இதே மூர்தான்.

டி அல்விஸ் சகோதரர்களின் வேலையில் கவனிக்க வேண்டிய இடம் வேறு. சிறகு விரித்த பூச்சியை மட்டும் அவர்கள் வரையவில்லை. புழு, கூட்டுப்புழு, பல இடங்களில் அந்தப் புழு தின்னும் செடியின் கிளை, எல்லாம் சேர்ந்து வந்தன. பூச்சியை ஊசியில் குத்திப் பெட்டியில் அடுக்குவதே அறிவியல் என்று ஐரோப்பாவில் பலர் நினைத்திருந்த காலத்தில், பேராதனையில் உயிரோடு இருக்கும் புழுவை அதன் இலைமேல் வைத்து வரைந்திருக்கிறார்கள். இன்றைக்கு ஐந்து லட்சம் ரூபாய்க்குக் கமராவும் வில்லையும் வாங்கித் தோட்டத்தில் முழந்தாளிடும் பலர் அந்த இலையை விட்டுவிடுகிறார்கள். இந்தச் சொற்பொழிவின் மனக்குறை அதுதான். திரும்பத் திரும்ப வரும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கோப்பிக் காலத்துக்கும் ஒரு நிமிடம் போய்வரலாம். 1861இல், ஜெர்மானியக் கோப்பித் தோட்டக்காரர் ஜோன் நீட்னர், கோப்பி மரத்தின் எதிரிகளைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். எதிரிகள் என்றால் பூச்சிகள். எட்டு ஆண்டு கழித்து, 1869இல், இலைத்துரு என்ற பூஞ்சணம் வந்தது. அதன் பின்னாலேயே இலையின் அடியில் பச்சையாக ஒட்டிக்கொண்டு சாறு குடிக்கும் செதிற்பூச்சி வந்தது. இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளம். தலை எது, வால் எது என்று தெரியாத ஒரு சொட்டு. 1889இல் அதற்கு அறிவியல் விவரிப்பு எழுதியவர் கொழும்பில் பிறந்த எட்வர்ட் ஏர்னஸ்ட் கிரீன். பச்சைப் பூச்சிக்குப் பச்சை என்ற பெயர் கொண்டவரே வந்து வாய்த்தது தற்செயல்! பின்னாளில் பேராதனையில் அரசாங்கப் பூச்சியியலாளராக இருந்தவர். இலங்கையின் செதிற்பூச்சிகளைப் பற்றி அவர் எழுதிய நூல் 1896 முதல் 1922 வரை ஐந்து பகுதிகளாக வந்தது. கால் நூற்றாண்டு! நகத்தில் வைத்தால் காணாமற்போகும் உயிர்களுக்காக ஒரு மனிதர் செலவழித்த காலம் அது.

நீட்னர் 1861இல் பெயரிட்ட எதிரிகளில் ஒன்று, கோப்பி போனபின் தேயிலைக்கு மாறிக்கொண்டது. அந்துப்பூச்சி ஒன்றின் புழு, இலைகளை நூலால் ஒட்டிச் சுருட்டி உள்ளே இருந்து தின்னும். அதை அடக்க 1930களின் நடுவில் ஜாவாவிலிருந்து ஒரு சிறு குளவியைக் கொண்டுவந்து மலைநாட்டில் விட்டார்கள். குளவி புழுவின் உடம்புக்குள் முட்டையிடும், குஞ்சுகள் புழுவை உள்ளிருந்தே உண்டு முடிக்கும். மருந்தடிக்காமல் ஒரு பூச்சியை இன்னொரு பூச்சியால் அடக்கியதற்கு இலங்கைத் தேயிலை வரலாற்றில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் வெற்றி அது. ஹந்தானையில் கொழுந்து பறித்தவர்களின் விரல்கள் அந்தச் சுருண்ட இலையை எத்தனையோ முறை பிரித்திருக்கும். குளவியை எத்தனை பேர் கண்டார்கள் என்பது வேறு விஷயம். அதன் அளவு சில மில்லிமீட்டர்.

சரி, சில மில்லிமீட்டர் உள்ள ஒன்றை எப்படிப் பார்ப்பது? இங்கேதான் மெக்ரோ வில்லை வருகிறது.

கடையில் 'மெக்ரோ' என்று எழுதி விற்கிற எல்லாமே மெக்ரோ அல்ல. சொல்லுக்கு உரிய பொருள், பூச்சியின் உண்மை அளவும் கமராவுக்குள் விழும் அதன் உருவத்தின் அளவும் ஒன்றாக இருப்பது. ஒன்றுக்கு ஒன்று என்பார்கள். முழு அளவு உணரி என்று சொல்லப்படும் கமராவின் உணரித் தகடு 36 மில்லிமீட்டர் நீளம், 24 மில்லிமீட்டர் அகலம், அதாவது தீப்பெட்டியின் முகத்தைவிடச் சிறியது. ஒன்றுக்கு ஒன்று என்ற உருப்பெருக்கத்தில் ஒரு சென்ரிமீட்டர் தேனீ அந்தத் தகட்டில் ஒரு சென்ரிமீட்டராகவே விழும். அந்தப் படத்தைச் சுவரளவுக்குப் பெரிதாக்கும்போதுதான் தேனீயின் கண்ணின்மேல் முடி முளைத்திருப்பது தெரியவரும். ஆம், தேனீயின் கண்ணில் முடி உண்டு.

விலை இதுதான்: தெளிவு. ஒன்றுக்கு ஒன்றில், வில்லையின் துவாரத்தை எட்டு என்ற எண்ணில் வைத்தால், தெளிவாக விழும் பகுதியின் தடிப்பு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். துவாரத்தை அகலத் திறந்து 2.8இல் வைத்தால் அதில் மூன்றில் ஒரு பங்கு. கண் தெளிவாக இருந்தால் உணர்கொம்பு மங்கிப்போகும், உணர்கொம்பைப் பிடித்தால் கண் போய்விடும். துவாரத்தைச் சிறிதாக்கிக்கொண்டே போகலாமே என்றால், ஒரு கட்டத்துக்குமேல் ஒளியே வளைந்து படம் முழுதும் மழுங்கிவிடுகிறது. போதாக்குறைக்கு, இவ்வளவு நெருங்கும்போது உணரிக்கு வந்துசேரும் வெளிச்சமும் வழக்கத்தில் கால் பங்காகக் குறைந்துவிடும்.

ஜூலியா மார்கரெட் கெமரன் என்ற பெயரை இங்கே சொல்லாமல் போக முடியாது. முகத்தை வேண்டுமென்றே சற்று மங்கலாக எடுத்து, அதற்காக ஏச்சும் புகழும் வாங்கிய பத்தொன்பதாம் நூற்றாண்டுப் படக்கலைஞர். கடைசிக் காலத்தை இலங்கையில் கழித்தவர், 1879இல் இங்கேயே இறந்து பொகவந்தலாவையில் அடக்கமானவர். மங்கலை அழகாக்கிய பெண்மணி உறங்கும் இதே மலைகளில், ஒரு மில்லிமீட்டர் தெளிவுக்காக மனிதர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு கிடக்கிறார்கள்.

மூச்சை அடக்குவது பேச்சுக்காகச் சொன்னதல்ல. இந்த நெருக்கத்தில் தானியங்கிக் குவியம் பெரும்பாலும் உதவாது. அதை அணைத்துவிட்டு, எவ்வளவு பெரிதாக வேண்டுமோ அந்த அளவில் வில்லையை நிறுத்தி, முழங்கையை உடம்போடு ஒட்டி, உடம்பையே முன்னும் பின்னும் ஒரு மயிரிழை அசைத்து, கண் தெளிகிற அந்தக் கணத்தில் அழுத்த வேண்டும். பத்துப் படத்தில் ஒன்று தேறினால் நல்ல நாள். மூங்கில் குச்சி ஒன்றை நிலத்தில் ஊன்றி, அதைப் பிடித்த கையிலேயே வில்லையைச் சாய்த்துக்கொள்வது பழையவர்களின் உத்தி. மூன்றுகால் தாங்கியைவிட அதுவே தோட்டத்துக்கு உகந்தது. தாங்கியை விரித்து நிறுத்துவதற்குள் பூச்சி அடுத்த வளவுக்குப் போயிருக்கும்.

தொடக்கத்திலேயே விலையுயர்ந்த வில்லைக்கு ஓடத் தேவையில்லை. பழைய 50 மில்லிமீட்டர் வில்லை ஒன்றைத் திருப்பி மாட்டுவதற்கான வளையம் மலிவு. வில்லைக்கும் கமராவுக்கும் இடையே வைக்கும் வெற்றுக் குழாய்கள் உண்டு, அவற்றில் கண்ணாடியே கிடையாது. ரேனொக்ஸ் போன்ற சிறு கண்ணாடிகளை முன்பக்கம் கவ்வ வைக்கலாம். கைத்தொலைபேசியில் மாட்டுகிற கவ்வி வில்லைகூட முசுறு எறும்பின் முகத்தைக் காட்டப் போதும். கெனன் 1999இல் கொண்டுவந்த 65 மில்லிமீட்டர் வில்லை ஐந்து மடங்கு வரை பெருக்கும். ஆனால் அதில் முடிவிலி இல்லை, தூரத்து மலையை அதனால் எடுக்கவே முடியாது. அதை முதல் வில்லையாக வாங்கிவிட்டு, பூச்சி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே முடியாமல் அலமாரியில் பூட்டி வைத்தவர்கள் உண்டு.

வெளிச்சம் தனிக் கதை. பிளாஷை நேரே அடித்தால் வண்டின் முதுகு கண்ணாடிபோல் பளபளத்து, நிறம் முழுக்கச் செத்துப்போகும். அதைப் பரவலாக்க ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கும் சாதனங்கள் செய்கிற வேலையை யோகட் கோப்பையும் வெள்ளை டிஷ்யூத் தாளும் செய்துவிடும். குறைந்த சக்தியில் பிளாஷ் எரியும் நேரம் செக்கனில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்ற அளவுக்குச் சுருங்கும். காற்றில் ஆடும் புல்லும் அந்தப் பொழுதில் நின்றுவிடுகிறது.

இனித் தோட்டத்துக்கு.

கண்டியில் கறிவேப்பிலை இல்லாத வளவைக் காண்பது அரிது. அதில் வந்து முட்டையிடும் கறுப்பு வண்ணத்துப்பூச்சியை ஆங்கிலத்தில் 'கொமன் மோர்மன்' என்பார்கள். குஞ்சுப்புழு பார்ப்பதற்குக் காகத்தின் எச்சம். பறவைகள் தொடாது, கறிக்கு இலை கிள்ள வரும் வீட்டுக்காரியும் தொடமாட்டாள். வளர்ந்தபின் புழு பச்சையாகி, முன்னுடம்பு தடித்து, இரண்டு பெரிய கண்களோடு பாம்புக்குட்டிபோல முறைக்கும். முதன்முதலில் மெக்ரோ வில்லையை வாங்கியவர் எடுக்கும் படம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும், கீழே 'புழுவின் முகம்' என்று குறிப்பும் எழுதியிருப்பார். அது முகமே அல்ல. அவை கண்களும் அல்ல, தோலில் எழுதிய கோலம். உண்மையான தலை அதற்குக் கீழே, முன்னே, உள்ளே இழுத்து மடக்கிக்கொண்ட சிறிய உருண்டை. அதன் பக்கத்துக்கு ஆறாக மணற்பருக்கை போன்ற புள்ளிகள்தான் உண்மையான கண்கள். ஒன்றுக்கு ஒன்றில் எடுத்துப் பெரிதாக்கினால் அந்த ஆறையும் எண்ணலாம். சீண்டினால் கழுத்துக்குப் பின்னாலிருந்து செந்நிறக் கவைக்கொம்பு ஒன்று வெளியே வரும், தோடம்பழம் அழுகியதுபோல் ஒரு மணம் வீசும். மணத்தைப் படம் எடுக்க முடியாது. குறிப்பில் எழுதலாம், எழுதுகிறவர்கள் குறைவு.

இதே இனத்தின் பெண் பூச்சிகளில் சில ஆணைப் போலவே இருக்கும். சில, பறவைகள் தின்ன விரும்பாத நச்சு வண்ணத்துப்பூச்சிகளின் சிவப்பு வெள்ளைப் புள்ளிகளை அப்படியே அணிந்திருக்கும். ஒரே தாயின் பிள்ளைகளில் இருவிதமும் வரலாம். இந்த வேடத்தை ஆள்வது பால் வேறுபாட்டோடு தொடர்புடைய 'டபுள்செக்ஸ்' என்ற ஒரே மரபணு என்று 2014இல் கிருஷ்ணமேக் குண்டேயும் அவருடன் ஆய்ந்தவர்களும் வெளியிட்டார்கள். உலகமே பேசிய ஆய்வு. அதன் நாயகி கறிவேப்பிலையில் வளர்கிறவள்.

மாமரத்துக்கு வந்தால் முசுறு. இலைகளை இழுத்துப் பிடித்து, தம் குஞ்சுகளையே தறிநாடாபோல் வாயில் கவ்வி, அவற்றின் வாயிலிருந்து வரும் பட்டு நூலால் இலையோடு இலையைத் தைக்கும் எறும்பு. கூட்டை நெருங்கி எடுக்கப் போகிறவர் சட்டைக் கையை மடித்துவிடக் கூடாது, அவ்வளவுதான் சொல்லலாம்.

முசுறு ஊரும் வரிசையில் ஓர் எறும்பு மட்டும் மற்றவற்றைத் தொடாமல் ஒதுங்கி நடந்தால், கமராவை அதன்மேல் திருப்ப வேண்டும். எறும்பு அல்ல, சிலந்தி. மிர்மராக்னே என்ற குதிக்கும் சிலந்தியினம். முன்னங்கால்களைத் தூக்கி உணர்கொம்புபோல் ஆட்டும். உடம்பை இரண்டு இடத்தில் ஒடுக்கி எறும்பின் இடுப்பைக் காட்டும். ஆணுக்கு முன்னே நீண்ட தாடைகள், எறும்பொன்று இன்னோர் எறும்பைத் தூக்கிச் செல்வதுபோல் தோன்றும். மூன்றடி தூரத்திலிருந்து எறும்பை அறிந்தவர்களும் ஏமாறுவார்கள். வில்லையின் முன் ஏமாற்று முடிகிறது: கால்கள் எட்டு, கண்களும் எட்டு. அவற்றில் முன்னிரண்டு பெரியவை, கார் விளக்குபோல. தொடர்ந்து சில படம் எடுத்தால் அந்தப் பெரிய கண்களின் நிறம் ஒன்றில் கறுப்பாகவும் அடுத்ததில் மண்ணிறமாகவும் மாறியிருக்கும். கண்ணுக்குள்ளே குழாயின் அடியில் உள்ள விழித்திரையைச் சிலந்தி அசைத்துப் பார்ப்பதால் வரும் மாற்றம் அது. சிலந்தி பூச்சி இல்லையே என்று பின்வரிசையில் ஒருவர் கையை உயர்த்தக்கூடும். உண்மை, இல்லை. ஆனால் முசுறைப் பற்றிப் பேசிவிட்டு அதன் வேடதாரியை விட்டுவிடுவது அநியாயம்.

கும்பிடுபூச்சியின் கண்ணில் இருக்கும் கறுப்புப் புள்ளியும் இப்படித்தான் ஆளைக் குழப்பும். எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அது நம்மையே பின்தொடர்கிறது. அங்கே கருமணி எதுவும் இல்லை. அதன் கண் ஆயிரக்கணக்கான சிறு கண்களால் ஆனது. நம்மை நேரே நோக்கி நிற்கும் சில கண்கள் வெளிச்சத்தை முழுக்க உள்வாங்கிவிடுவதால் அந்த இடம் மட்டும் கறுத்துத் தெரிகிறது, பார்ப்பவர் நகர்ந்தால் புள்ளியும் நகரும். தும்பியில் இந்தச் சிறு கண்கள் பக்கத்துக்கு முப்பதாயிரம் வரை போகும்.

எப்போது போவது? விடியற்காலை. மார்கழி, தை மாதங்களில் கண்டியின் வெப்பநிலை இருபது பாகைக்குக் கீழே இறங்கும். பூச்சிகளுக்குத் தம் உடம்பைத் தாமே சூடாக்கிக்கொள்ளும் வசதி பெரும்பாலும் இல்லாததால், வெயில் படும்வரை தும்பி பனித்துளியோடு புல்லில் கிடக்கும். ஒன்பது மணிக்கு ஐந்தடி நெருங்கவிடாத தும்பி, ஆறரைக்கு ஒரு சாணில் இருக்கவிடும். நகரத்துக்கு மேலே, தலதா மாளிகைக்குப் பின்னால் 104 ஹெக்டயரில் கிடக்கும் உடவத்தகெலே காட்டுக்குப் போகிறவர்களுக்கு வேறொரு பிராணி துணைக்கு வரும். மழைக்கு மறுநாள் அங்கே முழந்தாளிட்டு ஒரு வண்டை எடுத்துவிட்டு எழுந்தால், காலுறைக்குள் நாலு அட்டை. வண்டு இவரைக் கவனித்ததோ இல்லையோ, அட்டை கவனித்துவிட்டது.

கண்டியின் ஈரம் மனிதரோடு நிற்பதில்லை, வில்லைக்குள்ளும் போகிறது. பையில் போட்டு அலமாரியில் வைத்த வில்லையை ஐப்பசி மழை முடிந்து எடுத்துப் பார்த்தால், கண்ணாடிக்குள் சிலந்திவலைபோல் பூஞ்சணம் படர்ந்திருக்கும். கோப்பியை அழித்தது ஒரு பூஞ்சணம், வில்லைகளை அழிப்பது இன்னொன்று. இந்த மலைநாட்டுக்குப் பூஞ்சணத்தோடு தீராத கணக்கு. காற்றுப் புகாத பிளாஸ்ரிக் பெட்டி, சிலிக்கா ஜெல் பொதிகள், உள்ளே ஈரப்பதமானி ஒன்று. மூன்றும் சேர்ந்தாலும் பெரிய செலவில்லை. ஈரப்பதம் ஐம்பது சதவீதத்தை ஒட்டி நின்றால் போதும். அரிசிக்குள் புதைத்து வைப்பவர்கள் வில்லைக்குத் தவிட்டுத் தூசையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள்.

அசையாத பூச்சி வேண்டும் என்பதற்காகக் குளிர்பெட்டிக்குள் வைத்து விறைக்கச் செய்து எடுக்கும் பழக்கம் ஒன்று உண்டு. படத்தைப் பார்த்தாலே தெரியும்: கால்கள் ஒழுங்கற்று மடங்கியிருக்கும், உணர்கொம்பு தொங்கும், தேனீ இருக்கக் கூடாத பூவில் தேனீ இருக்கும். அதை இயற்கைப் படம் என்று போட்டிக்கு அனுப்புவது பொய். பிரித்தானியப் படக்கலைஞர் லெவொன் பிஸ் ஒக்ஸ்ஃபோர்ட் அருங்காட்சியகத்தின் பூச்சிகளை எடுத்த முறை வேறு: ஒவ்வொரு பூச்சிக்கும் எட்டாயிரத்துக்கு மேற்பட்ட படங்கள், அவற்றின் தெளிந்த பகுதிகளை மட்டும் கணினியில் சேர்த்து, ஆளுயரத்துக்கும் மேலான ஒரே உரு. அவை இறந்த மாதிரிகள் என்பதை அவர் மறைக்கவில்லை. பிரமிப்பூட்டும் வேலை. ஆனாலும் கறுப்புப் பின்னணியில் தனியே மிதக்கும் அந்த வண்டுக்குக் காலடியில் ஓர் இலை இல்லை.

அனுமதியின்றிக் காட்டுப் பூச்சியைக் கொண்டுபோவது இந்நாட்டில் குற்றம் என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். 2024 மே மாதம் யால தேசியப் பூங்காவில் இரண்டு இத்தாலியர், தந்தையும் மகனும், நூற்றுக்கணக்கான பூச்சிகளைப் போத்தல்களில் அடைத்து வைத்திருந்தபோது பிடிபட்டார்கள். செப்டெம்பரில் நீதிமன்றம் விதித்த அபராதம் ஆறு கோடி ரூபாய். வண்ணத்துப்பூச்சி பிடிக்கும் வலையோடு மலையேறிய வெள்ளைக்காரத் துரைமாரின் காலம் முடிந்துவிட்டது. கமராவோடு போகிறவரை யாரும் தடுப்பதில்லை. ஆகவே பொறுப்பு அவர் கைக்கு வந்திருக்கிறது.

என்ன பொறுப்பு? 1970களில் அமெரிக்க ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் கார்ல் குரோம்பைன் இலங்கையில் பூச்சிகளைத் திரட்டும் பெருந்திட்டத்தை நடத்தினார். இங்குள்ள குளவிகளைப் பற்றி அவர் எழுதிய கட்டுரைத் தொடர் இன்றும் ஆய்வாளர்களின் மேசையில் இருக்கிறது. அந்தக் குளவிகளின் உடலைவிட மதிப்பு, ஒவ்வொன்றின் ஊசியிலும் குத்தியிருக்கும் சிறு சீட்டுக்கு. உடவத்தகெலே, கண்டி மாவட்டம், இத்தனை அடி உயரம், இந்தத் திகதி, பிடித்தவர் இன்னார். அந்தச் சீட்டு இல்லாவிட்டால் குளவி வெறும் குளவி. தீவில் இதுவரை பெயர் பெற்ற பூச்சிகள் பதினோராயிரத்துக்கு மேல், தேனீக்கள் மட்டுமே 148 இனம். செடி தின்னும் பூச்சிகளில் பலவற்றின் புழு எந்தச் செடியில் வளர்கிறது என்பது எங்கும் எழுதப்படவில்லை. அதைக் காணப் பல்கலைக்கழகப் பட்டம் வேண்டியதில்லை. தினமும் அதே செடிக்குப் போகிற ஒருவர் வேண்டும். கொய்யாவுக்குத் தண்ணீர் ஊற்றும் அம்மா இதில் எந்த ஆய்வாளருக்கும் குறைந்தவர் அல்லர்.

ஆகவே ஒரு பூச்சிக்கு மூன்று படம். முதலாவது, எல்லோரும் ஆசைப்படும் அந்த முகப்படம். இரண்டாவது, பக்கவாட்டில் முழு உடலும் சிறகின் நரம்புகளும் தெரிய. தேனீ, குளவி இனங்களைப் பிரிப்பதற்கு அந்த நரம்புகள் பெரும்பாலும் தேவைப்படும். மூன்றாவது, இரண்டடி பின்னே வந்து, செடி எது என்று தெரியும்படி. பூ இருந்தால் பூவோடு. மூன்றாவதை எடுக்க ஐந்து செக்கன் போதும். அதை எடுக்காமல் விடுவதற்கு ஒரே காரணம், முதல் படம் நன்றாக வந்த மகிழ்ச்சி. கமராவின் கடிகாரத்தையும் திகதியையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது. மின்கலம் தீர்ந்து, 2000ஆம் ஆண்டு தை முதலாம் திகதிக்குத் திரும்பிப்போன கமராக்கள் எடுத்த பூச்சிகள் உலகமெங்கும் ஒரே நாளில் பிறந்திருக்கின்றன. ஐநேச்சுரலிஸ்ட் போன்ற பொதுப் பதிவேட்டில் ஏற்றும்போது செடியின் படத்தையும் சேர்த்து ஏற்றினால், பூச்சி அறிந்தவரும் செடி அறிந்தவரும் ஒரே பதிவில் சந்திப்பார்கள். அரிய இனமானால் துல்லியமான இடத்தை மறைத்துவிடலாம், அந்த வசதி அதில் இருக்கிறது.

தொடங்க விரும்புகிறவர்களுக்கு ஒரு பூச்சி. நீலப் பட்டைத் தேனீ, அமெஜில்லா. வயிற்றில் வெளிர்நீலமாய் மின்னும் கோடுகள். பகலில் ஒரு பூவில் ஒரு செக்கனுக்குமேல் நில்லாது, அதைத் துரத்திக் கமரா அட்டை நிரம்பியவர்கள் பலர். கத்தரியையும் தக்காளியையும் பற்றிக்கொண்டு உடம்பை அதிரவைத்து மகரந்தத்தை உதிர்க்கும் வேலை இதனுடையது, வீட்டுத் தேனீயால் அது ஆகாது. மாலையானதும் ஆண்கள் வேலியோரத்துக் காய்ந்த தண்டு ஒன்றைத் தேடி வரும். தாடையால் தண்டைக் கவ்வி, கால்களை மடக்கி, ஒன்றன்கீழ் ஒன்றாக வரிசையில் தூங்கும். பல இரவுகள் அதே தண்டுக்கே திரும்பும். ஆறரை மணிக்குச் சிறு டோர்ச் ஒன்றோடு செவ்வரத்தை வேலியின் ஓரமாய் மெதுவாய்ப் போனால் போதும். தண்டை அசைக்க வேண்டாம். எத்தனை தேனீ, என்ன தண்டு, எந்தத் திகதி என்று எழுதிவைத்துவிட்டு, மறுநாளும் போய் எண்ணிப் பார்க்க வேண்டும்.